இன்னொரு பிரதி எங்கே?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், காதில் விழுகிற பேச்சில் பாதி மண்ணும் சூளையுமாகத்தான் இருக்கும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் விளக்கு, கேஸ் விலை. இதற்கு நடுவே ஒரு தம்பி வேறு மாதிரியான கேள்வியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவன். ஒரு பட்டறையில் சூளையின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சின்ன மென்பொருளை அவன்தான் பைத்தானில் எழுதிப் பார்த்துக்கொள்கிறான்.

"அண்ணே, புரோகிராம் ஓட ஓட மெமரி ஏறிக்கிட்டே போகுது. பழசெல்லாம் வேணாம்னு ஓஎஸ்கிட்ட ஒரு அட்வைஸ் கொடுத்துட்டா போதும்னு ஒருத்தர் சொன்னாரு. வெறும் அட்வைஸ்தானாம். ஓஎஸ் கேட்டாலும் கேட்கும், விட்டாலும் விடும், டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாதாம். நெசமா?"

"பாதி நெசம். எந்தப் பாதின்னு தெரியாம அதுல கைய வெக்காத."

அன்று அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ், பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் எம்-அட்வைஸ் என்றொரு அழைப்பு உண்டு. ஒரு நிரல் தன் கையில் இருக்கும் நினைவகத்தின் ஒரு பகுதியைக் காட்டி, அதை என்ன செய்யப்போகிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் முன்கூட்டியே சொல்வதற்கானது. இதை வரிசையாகப் படிக்கப்போகிறேன், இதை அங்கங்கே தொடுவேன், இது சீக்கிரமே தேவைப்படும் என்றெல்லாம் சொல்லலாம். இந்த மூன்றையும் தப்பாகவே சொன்னாலும் குடி முழுகிவிடாது; வேகம் கொஞ்சம் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். தம்பிக்கு யாரோ சொன்னது இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

நான்காவது ஒன்று இருக்கிறது: டோன்ட்நீட். "இந்தப் பகுதி எனக்கு இப்போதைக்கு வேண்டாம்." மற்ற மூன்றோடு சேர்ந்து, அதே முகத்தோடு அதே பட்டியலில் நிற்கிறது. ஆனால் லினக்ஸில் இது ஆலோசனையாக நடந்துகொள்வதில்லை, உத்தரவாக நடந்துகொள்கிறது. சொன்ன மாத்திரத்தில் கெர்னல் அந்தப் பக்கங்களை நிரலின் கையிலிருந்து பிடுங்கிவிடும். நினைவகம் தாராளமாக இருக்கிறதா, நெருக்கடியா என்றெல்லாம் பார்க்காது.

அப்படிப் பிடுங்கிய பக்கத்தில், இன்னும் சேமிக்காத தரவு இருந்தால்? இதற்கு ஒரே பதில் கிடையாது. அந்தத் தரவுக்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று பதில் உண்டு.

ஒரு பக்கம் என்பது எவ்வளவு

முதலில் கணக்கு. கெர்னல் நினைவகத்தைப் பைட் பைட்டாகப் பார்ப்பதில்லை, பக்கம் பக்கமாகத்தான் பார்க்கும். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். தம்பியின் மென்பொருள் ஓர் அளவீட்டுக்கு 16 பைட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்: நேரத்துக்கு 8, வெப்பநிலைக்கு 8. அப்படியானால் ஒரு பக்கத்தில் 256 அளவீடுகள் அடங்கும். தெர்மோகப்பிளிலிருந்து 10 நொடிக்கு ஒரு முறை அளவு எடுத்தால், ஒரு பக்கம் என்பது 42 நிமிடம் 40 நொடி நேரத்துச் சூளை.

சூளை மணிக்கு 100 டிகிரி வீதம் ஆறிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த நேரத்தில் ஏறக்குறைய 71 டிகிரி இறங்கியிருக்கும். பீங்கான்காரர்களுக்கு 573 டிகிரி செல்சியஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் அந்த வெப்பத்தில் படிக அமைப்பு மாறும், அளவும் சட்டென்று மாறும். அங்கே அவசரப்பட்டு ஆறவைத்தால் சாமான் விரிசல் விடும். ஆக, 610-இலிருந்து 540 வரை சூளை எப்படி இறங்கியது என்ற முழுக்கதையும் ஒரே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடலாம். விரிசல் ஏன் வந்தது என்று பிறகு தேடுபவருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். அது போனால் மற்ற எல்லாப் பக்கமும் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இங்கே இன்னொரு சங்கதி. டோன்ட்நீட் கொடுக்கும்போது தொடங்கும் இடம் பக்கத்தின் எல்லையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கெர்னல் பிழை என்று திருப்பிவிடும். நீளத்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. குறைவாகச் சொன்னால் கெர்னல் அதை முழுப் பக்கமாக மேல்நோக்கி முழுமைப்படுத்திக்கொள்ளும். "முதல் 100 அளவீட்டைக் கோப்பில் எழுதியாயிற்று, அந்த 1,600 பைட் வேண்டாம்" என்று நிரல் சொன்னால், போவது 4,096 பைட். எழுதாமல் மிச்சம் வைத்திருந்த 156 அளவீடும் கூடவே போய்விடும்.

அந்தப் பக்க அளவும் எல்லா இயந்திரத்திலும் ஒன்றல்ல. ராஸ்பெரி பை 5-இல் வழக்கமாக வரும் கெர்னல் 16 கேபி பக்கத்தை வைத்துக்கொள்கிறது. அதில் ஒரு பக்கம் 1,024 அளவீடு, அதாவது 2 மணி 50 நிமிடச் சூளை. பழைய போர்டில் எழுதிய நிரலை அப்படியே புதியதில் போட்டால், அதே தவறுக்கு நான்கு மடங்கு விலை.

மூன்று இடம், மூன்று முடிவு

முதல் இடம், எந்தக் கோப்போடும் சேராத சொந்த நினைவகம். நிரல் தனக்கென்று கேட்டு வாங்கியது. அதில் எழுதிய தரவுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. டோன்ட்நீட் கொடுத்த பிறகு அதே இடத்தைப் படித்தால் கெர்னல் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுக்கும். அதில் எல்லாம் பூஜ்யம். 42 நிமிடச் சூளை பூஜ்யம் டிகிரி என்று தெரியும். அந்தப் பக்கம் முன்பே ஸ்வாப்புக்குப் போயிருந்தாலும் பிழைக்காது, அந்தப் பிரதியும் சேர்ந்தே கழிந்துவிடும். வட்டில் இருக்கிறது என்பதால் ஸ்வாப்பைச் சேமிப்பு என்று நினைக்கிறோம். அது நினைவகத்தின் நீட்சிதான், கோப்பு அல்ல.

"ஏன்ணே பூஜ்யம்? இருந்தத அப்படியே திருப்பிக் கொடுத்தா என்ன?"

ஏனென்றால் கழித்த பக்கம் அடுத்த நொடியே வேறொரு நிரலுக்குப் போயிருக்கலாம். புதிதாகக் கொடுக்கும் பக்கமும் வேறு யாரோ விட்டுப்போனதாக இருக்கலாம். ஒருவருடைய கடவுச்சொல் இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, கெர்னல் எந்தப் பக்கத்தையும் துடைத்துத்தான் கொடுக்கும்.

இரண்டாவது இடம், கோப்பைத் தனிப்பட்ட முறையில் நினைவகத்தில் விரித்துக்கொள்வது. பைத்தானில் எம்மேப் செய்யும்போது அக்சஸ் காப்பி என்று கேட்டால் இதுதான் நடக்கும். கோப்பைப் படிக்கலாம், அதன்மேல் எழுதலாம், ஆனால் எழுதியது கோப்புக்குப் போகாது. முதல் முறை எழுதும்போது கெர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து நிரலிடம் கொடுத்துவிடும். மாற்றங்கள் அந்த நகலில் மட்டும் வாழும். டோன்ட்நீட் கொடுத்தால் போவது அந்த நகல். அடுத்த முறை படிக்கும்போது கோப்பில் இருக்கும் பழைய தரவு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றிலும் ஆபத்தானது இதுதான். சூளை எப்படி ஏறி இறங்க வேண்டும் என்ற திட்டம் ஒரு கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதைத் தனிப்பட்ட முறையில் விரித்து, திட்டமிட்ட அளவின்மேல் உண்மையான அளவை எழுதிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு பக்கத்துக்கு டோன்ட்நீட் விழுந்தால், அந்த 42 நிமிடத்துக்குத் திட்டமே திரும்பிவிடும். பதிவேட்டைப் பார்ப்பவருக்குச் சூளை வரைபடத்தில் போட்டபடி இம்மியும் பிசகாமல் நடந்ததாகத் தெரியும். பூஜ்யம் வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். 573-இல் அழகாக இறங்கும் கோட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்றாவது இடம், கோப்பைப் பகிர்ந்த முறையில் விரிப்பது. இதில் நிரல் எழுதுவது கெர்னல் வைத்திருக்கும் பேஜ் கேஷிலேயே நேராக விழும். டோன்ட்நீட் கொடுத்தால் நிரலுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இருந்த இணைப்பு மட்டும் அறும். பக்கம் கெர்னலிடம் இருக்கும், "இதில் வட்டுக்குப் போகாத மாற்றம் உண்டு" என்ற குறியும் அதன்மேல் இருக்கும். திரும்பப் படித்தால் எழுதியது அப்படியே கிடைக்கும். கோப்பே இல்லாமல் பகிர்ந்த நினைவகமாகக் கேட்டு வாங்கியதற்கும் இதே விதிதான். டோன்ட்நீட்டால் அதன் தரவு அழியாது. பைத்தானில் எம்மேப்புக்கு வேறு ஒன்றும் சொல்லாமல் விட்டால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பகிர்ந்த முறைதான் கிடைக்கும். அதனால்தான் சோதித்துப் பார்த்த சிலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். அவர்கள் சோதித்தது மூன்றாவது இடத்தை மட்டும்.

இந்த ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு கதை தயாராக இருக்கிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், பழமலைநாதரைப் பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் செய்தி. இங்கே போட்டது அங்கே கிடைக்கிறது. பகிர்ந்த முறையும் அப்படித்தான்: நிரல் தன் நினைவகத்தில் போட்டதைக் கோப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆற்றங்கரையை விட்டு நகர்ந்துவிட்டதால் பொன் காணாமல் போவதில்லை. டோன்ட்நீட் என்பது கரையை விட்டு நகர்வது மட்டும்தான். முதல் இரண்டு இடங்களில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. கையில் இருந்ததைக் கீழே போட்டால் போட்டதுதான்.

கரண்ட் போனால்

"அப்ப மூணாவது முறையில போட்டுட்டா சேஃப்தானே?"

அட்வைஸிடமிருந்து சேஃப். கரண்ட் கட்டிடமிருந்து அல்ல. பேஜ் கேஷும் ராம்தான், வட்டு அல்ல. மாற்றம் உள்ள பக்கங்களைக் கெர்னல் அவ்வப்போது பார்த்து வட்டுக்கு அனுப்பும். லினக்ஸில் வழக்கமான அமைப்பு, 5 நொடிக்கு ஒரு முறை கண் விழிப்பது, 30 நொடிக்கு மேல் பழையதாகிவிட்ட பக்கங்களை எழுதுவது. ஆக, கடைசி அரை நிமிடத்தில் எழுதியது எந்த நேரமும் காற்றில் நிற்கிறது. நிரல் கவிழ்ந்தால் பரவாயில்லை, கெர்னல் உயிரோடு இருக்கிறது, எழுதிவிடும். கெர்னலே நின்றாலோ மின்சாரம் போனாலோ அந்த அரை நிமிடம் போயிற்று.

இதற்கு மருந்து வேறு அழைப்பு. விரித்த கோப்புக்கு எம்சிங்க், சாதாரணக் கோப்புக்கு எஃப்சிங்க். "வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பி வா" என்று இவற்றிடம் சொல்லலாம். எம்சிங்கில் காத்திருக்கும் வகை, காத்திருக்காத வகை என்று இரண்டு உண்டு. லினக்ஸ் 2.6.19-க்குப் பிறகு காத்திருக்காத வகை உருப்படியாக ஒன்றும் செய்வதில்லை. அதை நம்பிப் பயனில்லை.

எஃப்சிங்க் திரும்பி வந்துவிட்டது என்பதோடும் முடியவில்லை, என்ன சொல்லித் திரும்பியது என்று பார்க்க வேண்டும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் இதில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டார்கள். வட்டில் எழுதும்போது பிழை வந்தால் எஃப்சிங்க் ஒரு முறை பிழை சொல்லும். ஆனால் எழுத முடியாத அந்தப் பக்கத்தின்மேல் இருந்த "மாற்றம் உண்டு" என்ற குறியைக் கெர்னல் அழித்துவிடலாம். "சரி, இன்னொரு தடவை முயன்று பார்ப்போம்" என்று மறுபடி எஃப்சிங்க் செய்தால், எழுத ஒன்றுமில்லை என்பதால் வெற்றி என்று வரும். தரவோ வட்டில் இல்லை. 2019-இல் போஸ்ட்கிரெஸ் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால் மறுபடி முயலாது. வேண்டுமென்றே விழுந்து, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் தன் முன்பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதி எழும். கெர்னலிடம் இருக்கும் பிரதியை அந்தக் கட்டத்தில் அது நம்புவதில்லை. தன் சொந்தப் பிரதியைத்தான் நம்புகிறது.

சோதனையில் தேறி, வேலையில் கவிழ்வது

டோன்ட்நீட்டாவது சொன்னவுடன் செய்துவிடுகிறது. எம்-அட்வைஸில் இன்னொரு வகை 2016-இல் லினக்ஸ் 4.5-இல் வந்தது, பெயர் ஃப்ரீ. முதல் வகை இடத்துக்கு, அதாவது கோப்போடு சேராத சொந்த நினைவகத்துக்கு மட்டும் செல்லும். "இதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவசரமில்லை" என்பது இதன் பொருள். நினைவகத்துக்கு நெருக்கடி வரும்போதுதான் கெர்னல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் நிரல் அதே பக்கத்தில் மறுபடி எழுதினால், அந்தப் பக்கத்தை எடுக்கும் யோசனையைக் கெர்னல் கைவிட்டுவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. சேமிக்காத தரவுக்கு இது சீட்டாட்டம். ஃப்ரீ சொன்ன பிறகு படித்தால் பழைய தரவும் வரலாம், பூஜ்யமும் வரலாம். புதிதாக ஓர் அளவீட்டை எழுதினால் அது நிற்கும். அதே பக்கத்தில் மீதமுள்ள 255? கெர்னல் அதற்குள் பக்கத்தை எடுத்திருந்தால் பூஜ்யம், எடுக்காமல் இருந்தால் பழையபடி. 16 ஜிபி மடிக்கணினியில் சோதிக்கும்போது நெருக்கடியே வராது. எப்போதும் பழைய தரவு வரும், எல்லாம் சரி என்று தோன்றும். 1 ஜிபி போர்டில், சூளை பக்கத்தில், மூன்றாம் நாள் ராத்திரி நெருக்கடி வரும். இந்த மாதிரிப் பிழையைத் தேடிப் பிடிப்பதைப் போன்ற தலைவலி நிரல் எழுதுபவருக்கு வேறு இல்லை.

கோ மொழிக்காரர்களுக்கு ஃப்ரீயில் வேறு தொல்லை வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த கோ 1.12, விட்டுக்கொடுக்கும் நினைவகத்துக்கு ஃப்ரீயைப் பயன்படுத்தத் தொடங்கியது. அவர்கள் விட்டது உண்மையிலேயே வேண்டாத நினைவகம், ஆகவே தரவு இழப்பு இல்லை. ஆனால் கெர்னல் உடனே எடுக்காததால் நிரலின் கணக்கில் நினைவகம் குறைந்ததாகவே தெரியவில்லை. கண்காணிப்பவர்கள் நிரலில் கசிவு என்று நினைத்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த கோ 1.16 பழையபடி டோன்ட்நீட்டுக்கே திரும்பிவிட்டது.

டோன்ட்நீட்டை இவ்வளவு கடுமையாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஜெமால்லாக் போன்ற நூலகங்களுக்கு, வேண்டாத பக்கம் உடனே போவதும், திரும்பக் கேட்டால் பூஜ்யமாக வருவதும் வசதி. துடைக்கும் வேலை அவற்றுக்கு மிச்சம். பல நிரல்கள் அந்தப் பூஜ்யத்தை நம்பி எழுதப்பட்டுவிட்டன. இன்று லினக்ஸ் அதை வெறும் ஆலோசனையாக மாற்றினால் அவையெல்லாம் உடையும்.

மற்ற இடங்களில் இப்படி இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் டோன்ட்நீட் கொடுத்தால் தரவு போகாது. நெருக்கடி வந்தால் முதலில் வெளியே அனுப்ப வேண்டிய பக்கம் என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவே. போசிக்ஸ் தரநிலையில் இருக்கும் போசிக்ஸ்-எம்-அட்வைஸும் தரவின் பொருளை மாற்றக் கூடாது என்கிறது. லினக்ஸின் டோன்ட்நீட் இந்த விதியோடு ஒத்துப்போகாததால், க்ளிப்சி நூலகம் 2.6-ஆம் பதிப்பிலிருந்து ஒரு முடிவு எடுத்தது: போசிக்ஸ் பெயரில் டோன்ட்நீட் கேட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுவது. விண்டோஸில் இதற்கு மெம் ரீசெட் என்று வெளிப்படையான பெயர் வைத்திருக்கிறார்கள். தரவு இனி வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள். ஃப்ரீபிஎஸ்டியில் பாதுகாப்பாக ஓடிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவருபவர், பெயர் ஒன்றே என்று விட்டுவிட்டால் தரவை இழப்பார்.

லினக்ஸிலேயே மென்மையான வழிகளும் உண்டு. 2019-இல் 5.4-ஆம் பதிப்பில் கோல்ட், பேஜ்அவுட் என்று இரண்டு வகை வந்தன. "இது கொஞ்ச காலம் வேண்டாம்" என்பது முதலாவது, "இப்போதே வெளியே அனுப்பு" என்பது இரண்டாவது. இரண்டிலும் தரவு போகாது. ஸ்வாப்புக்கோ கோப்புக்கோ போய், கேட்டால் திரும்பும். கோப்புகளுக்கென்று போசிக்ஸ்-எஃப்-அட்வைஸ் என்று தனி அழைப்பும் உண்டு. அதிலும் டோன்ட்நீட் இருக்கிறது, ஆனால் குணம் நேர் எதிர். வட்டுக்கு எழுதாத பக்கத்தைத் தொடாது. பாதிப் பக்கத்தைச் சொன்னால் முழுமைப்படுத்தாமல் விட்டுவைக்கும். வேண்டியதைத் தொலைப்பதைவிட வேண்டாததை வைத்திருப்பது மேல் என்பது அதன் கொள்கை. எம்-அட்வைஸ் அதே சூழ்நிலையில் முழுசாக வாரிக்கொண்டு போகும் என்பதை மேலே பார்த்தோம்.

கைபேசியில் எதிர்த்திசை

சூளையும் பைத்தானும் இல்லாதவர்களுக்கும் இது அன்றாடம் நடப்பதுதான். கைபேசியில் நீளமான ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் படிவம் வெறுமையாக இருக்கும். இங்கே ஆலோசனை எதிர்த்திசையில் போகிறது. ஆண்ட்ராய்டு, பின்னணிக்குப் போன செயலியிடம் நினைவகத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லும். போதவில்லை என்றால் பின்னணியில் இருக்கும் செயலியை நிறுத்திவிடும். போகும்முன் நிலையைக் குறித்துவைக்க வாய்ப்பும் கொடுக்கும். குறித்துவைத்த செயலியில் படிவம் திரும்பும், இல்லாததில் பூஜ்யம்.

மச்சம் வெட்டி வைப்பது

சுந்தரர் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. பொன்னை ஆற்றில் போடும் முன் அதில் மச்சம் வெட்டி, அதாவது மாதிரிக்குக் கொஞ்சம் கத்தரித்து, கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது, மறுபடி பாடித்தான் சரியான மாற்றைப் பெற்றார். போட்ட இடத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவரே சரிபார்க்காமல் வீட்டுக்குப் போகவில்லை.

தம்பியின் மென்பொருளுக்கு மச்சம் என்பது ஒரு சரிபார்ப்பு எண். ஒரு பக்கத்தின் 256 இடத்தில் ஒன்றை ஒதுக்கி, மற்ற 255 அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட சிஆர்சி எண்ணை அதில் எழுதிவைக்கலாம். பக்கம் முழுக்கப் பூஜ்யமாகிவிட்டால், வழக்கமான சிஆர்சி-32 கணக்கில் அது உடனே மாட்டிக்கொள்ளும். பூஜ்யங்களின் சிஆர்சி பூஜ்யமாக வராது.

"அப்ப ரெண்டாவது கேஸு? பழைய ப்ளான் திரும்பி வந்துச்சே, அதுக்கும் சிஆர்சி சரியா இருக்குமே?"

நல்ல கேள்வி. பழைய பக்கமும் தன்னளவில் முழுமையானதுதான், அதன் எண்ணும் ஒத்துப்போகும். அதனால் வெறும் அளவீடுகளுக்கு மட்டும் எண் போட்டால் போதாது. சூளைக்கு ஒவ்வொரு முறை தீ வைக்கும்போதும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணையும் பக்கத்தின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போது போன முறைப் பக்கமோ திட்டப் பக்கமோ இந்த முறைக்குள் நுழைந்தால் ஒத்துப்போகாது. மச்சம் இந்தப் பொன்னிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும், ஏதோ ஒரு பொன்னிலிருந்து அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இரண்டாவது டீ வந்தபோது தம்பியிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். 10 நொடிக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்கு 8,640 அளவீடு. ஒன்றுக்கு 16 பைட் என்றால் 1,38,240 பைட். எட்டுத் தெர்மோகப்பிள் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 1.1 எம்பி, மாதம் 33 எம்பி. 1 ஜிபி போர்டில் இது முப்பதில் ஒரு பங்கு. மாதக் கணக்கில் ஓடினாலும் அளவீடுகளால் மட்டும் நினைவகம் நிறையாது.

பிறகு ஏன் ஏறுகிறது? அவன் ஒவ்வோர் அளவீட்டையும் பைத்தான் லிஸ்ட்டில் நேரம், வெப்பநிலை என்று ஒரு டியூப்பிளாகப் போட்டு வைத்திருந்தான். ஒரு ஃப்ளோட்டுக்கு 24 பைட், இரண்டுக்கு 48, டியூப்பிளுக்கு 56, லிஸ்ட்டில் அதைக் காட்டும் இடத்துக்கு 8. மொத்தம் 112. பதினாறு பைட் சரக்குக்கு ஏழு மடங்குச் சுமை. அதற்குமேல், திரையில் கோடு வரையும் நூலகத்துக்கு ஒவ்வொரு முறையும் எல்லா அளவீட்டையும் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். பழைய கோடுகளை நீக்கவே இல்லை.

இதற்கெல்லாம் எம்-அட்வைஸால் உதவ முடியாது. பைத்தான் தன் பொருள்களை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறது என்பது நிரல் எழுதுபவர் கையில் இல்லை. ஒரே பக்கத்தில் வேண்டியதும் வேண்டாததும் கலந்து கிடக்கும். அங்கே போய் டோன்ட்நீட் கொடுத்தால் நிரலே விழும்.

செய்ய வேண்டியது சாதாரண வேலை. அளவீடுகளை 16 பைட்டாகக் கட்டிக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது. நிமிடத்துக்கு ஒரு முறை எஃப்சிங்க் செய்து, அது பிழை சொன்னால் அடக்கிவிடாமல் திரையில் சிவப்பாகக் காட்டுவது. வட்டுக்குப் போய்விட்டது உறுதியானதும் லிஸ்ட்டிலிருந்து நீக்குவது. கோடு வரைய, கடைசி சில மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொள்வது. 10 நொடிக்கு ஒரு எஃப்சிங்க் செய்தால் எஸ்டி கார்டு சீக்கிரம் தேயும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் மின்சாரம் போனாலும் இழப்பு ஆறு அளவீடு. மணிக்கு 100 டிகிரி வீதம் ஆறும் சூளை ஒரு நிமிடத்தில் ஒன்றேமுக்கால் டிகிரிகூட நகராது. 573-ஐத் தாண்டும்போது அந்த இடைவெளியை முன்னும் பின்னும் உள்ள அளவீடுகளை வைத்தே நிரப்பிப் படித்துவிடலாம்.

"அப்ப அட்வைஸே வேணாங்கறீங்க?"

உனக்கு வேண்டாம். பெரிய தரவுத்தளம், ஜிபி கணக்கில் கோப்பை விரிப்பது என்று வரும்போது வேண்டியிருக்கும். அன்றைக்கும் வரிசை இதுதான்: முதலில் வட்டுக்கு எழுது, எழுதியதா என்று கேள், படித்துச் சரிபார், அதன் பிறகு "வேண்டாம்" என்று சொல். அந்தச் சொல்லைச் சொல்லும் நேரத்தில், இதன் இன்னொரு பிரதி இன்ன கோப்பில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அந்த வரியை நிரலில் எழுதாதே.